அப்பாவின் வயிற்று ஆபரேஷனும் ராத்திரி இரண்டு மணியும்

வணக்கம் மக்களே. காக்கா சத்தம் கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள், மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசுகிறேன், கீழே அப்பா இப்போதுதான் கண்ணயர்ந்தார். ஒரு மாதமாக ஏன் வீடியோ இல்லை என்று கேட்டிருந்தீர்கள். அப்பாவுக்குப் பெருங்குடலில் கட்டி, குடல் பாதி அடைத்துவிட்டது, தள்ளிப்போட முடியாது, வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நடு வயிற்றில் தொப்புளுக்கு மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரு சாணுக்குக் கூடுதலான வெட்டு. நல்லபடியாக முடிந்தது. இன்றைக்குப் பேச வந்தது கட்டியைப் பற்றி இல்லை, அதற்கு அப்புறம் வருகிற வலியைப் பற்றியும் அதற்குப் போடுகிற நரம்பு மரப்பு ஊசியைப் பற்றியும்தான். ஆஸ்பத்திரியில் அதை நர்வ் பிளாக், சுருக்கமாக பிளாக் என்கிறார்கள்.

முதல் நாள் சாயங்காலம் மயக்க மருந்து டாக்டர் மேடம் வந்தார்கள். இந்த மாதிரிப் பெரிய வெட்டுக்கு வழக்கமாக எபிடூரல்தான், அதாவது முதுகில் தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய குழாயை வைத்து மருந்து விட்டுக்கொண்டே இருப்பது. ஆனால் அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க குளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுகிறார். அந்த மாத்திரையை நிறுத்தி 5 முதல் 7 நாள் கழிந்தால்தான் முதுகில் ஊசி வைப்பார்களாம். இல்லாவிட்டால் உள்ளே ரத்தம் கசிந்து உறைந்து, தண்டுவடத்தை அழுத்தி, கால் விழுந்துபோகிற ஆபத்து இருக்கிறது. அரிதுதான், ஆனால் வந்தால் விபரீதம். குடல் அடைப்போ அத்தனை நாள் காத்திருக்காது. "அதனால வயித்துச் செவுத்துலயே பிளாக் போட்டுடறேன்" என்றார்கள். அதற்குப் பெயர் டேப் பிளாக்.

எனக்குப் புரியவில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும், கேஸ் ஷீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார்கள். வயிற்றின் பக்கவாட்டில் தசை மூன்று அடுக்காக இருக்கிறது. வாழைத்தண்டு நறுக்கும்போது அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே நார் இழுத்துக்கொண்டு வருமே, அந்த மாதிரி இரண்டாவது அடுக்குக்கும் மூன்றாவது அடுக்குக்கும் இடையில் நரம்புகள் ஓடுகின்றன, முதுகில் புறப்பட்டு முன் வயிற்றுத் தோல்வரைக்கும். நடுவில் வெட்டினாலும் செய்தி போகிற பாதை இடுப்போரமாகத்தான். அந்த இடுக்கில் மரப்பு மருந்தை விட்டால் செய்தி மூளைக்குப் போகாது. தொப்புளுக்குக் கீழே மரக்க இடுப்புப் பக்கம், மேலே மரக்க விலா எலும்புக்குக் கீழே, இரண்டு பக்கமும் சேர்த்து நாலு இடம். ஆளை மயக்கிய பிறகுதான் போடுகிறார்கள், அதனால் ஊசி குத்துவதே தெரியாது. அல்ட்ராசவுண்ட் கருவியை வயிற்றில் வைத்துத் திரையைப் பார்த்துக்கொண்டே ஊசியை நகர்த்துவார்களாம், மருந்து போனதும் இரண்டு அடுக்கும் விலகி நடுவில் கறுப்பாக ஒரு கண் திறந்த மாதிரித் தெரியுமாம்.

இது ரொம்பப் பழைய வித்தை இல்லை. 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் கோகெய்ன் சொட்டு விட்டுக் கண்ணை மரக்க வைத்ததிலிருந்து மரப்பு மருந்து இருக்கிறது, ஆனால் வயிற்றின் இந்த அடுக்கை ரஃபி என்ற டாக்டர் எழுதிக் காட்டியது 2001-இல்தான். அப்போது திரையெல்லாம் கிடையாது. இடுப்பெலும்புக்கு மேலே ஒரு முக்கோண இடத்தைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, ஊசி தசை உறையைத் தாண்டும்போது விரலுக்குத் தெரிகிற அந்த 'டப்'பை நம்பித்தான் மருந்து விட வேண்டும். முதுகுத் தசைக்கு அடியில் போடுகிற எரெக்டர் ஸ்பைனே பிளாக் என்று இன்னொன்று 2016-இல் கனடாவிலிருந்து வந்தது, அதையும் இப்போது வயிற்று ஆபரேஷனுக்குப் போடுகிறார்கள்.

சரி, அப்பா கதைக்கு வருகிறேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு வெளியே கொண்டுவந்தார்கள். சாயங்காலம் அவரே "ஏய்யா, காப்பி கிடைக்குமா" என்கிறார்! எனக்கு நம்பவே முடியவில்லை. ஒரு சாண் வெட்டு, இந்த மனிதர் காப்பி கேட்கிறார். சிஸ்டர் வந்து, "ஐயா, வலி பத்துக்கு எவ்வளவு இருக்கு?" என்றார்கள். அப்பா முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், அவர் அகராதியில் வலிக்கு ஒரே பதில்தான்: "பரவாயில்லம்மா." சிஸ்டர் இரண்டு என்று எழுதிக்கொண்டார்கள். ராத்திரி பத்து மணிக்குப் போட வேண்டிய பாராசிட்டமால் பாட்டிலை, தூங்குகிறாரே, வலியும் இல்லையே என்று விட்டுவிட்டார்கள். இதை ஒருவர் தலையில் கட்டச் சொல்லவில்லை, வார்டில் நாற்பது பேருக்கு இரண்டு சிஸ்டர்.

பிளாக் ஒரு தடவை போட்டால் சுமார் 12 மணி நேரம் தாக்குப்பிடிக்கும், சிலருக்கு அதற்கு முன்பே இறங்கிவிடும், சிலருக்குக் கொஞ்சம் நீளும். மத்தியானம் இரண்டோடு பன்னிரண்டைக் கூட்டுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா கட்டில் கம்பியைப் பிடித்தார். சத்தம் போடவில்லை. அந்தக் கம்பி லேசாக ஆடி, டிரிப் ஸ்டாண்டில் தட்டித் தட்டி ஒரு சத்தம், அதில்தான் எனக்கு விழிப்பு வந்தது. நெற்றி முழுக்க வியர்வை. மூச்சை மேலாகவே இழுத்து இழுத்து விடுகிறார், ஆழமாக இழுத்தால் வயிறு எழும்புமே, அதற்குப் பயம். டியூட்டி டாக்டர் வந்து டிராமடால் என்ற கடுமையான வலி மருந்தைப் போட்டார், அரை மணியில் வலி கொஞ்சம் அடங்கியது, கூடவே வாந்தி வந்தது. புதுத் தையல் போட்ட வயிற்றோடு வாந்தி எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கிற நிலைமை யாருக்கும் வேண்டாம்.

மறுநாள் மேடத்திடம் சண்டைக்குப் போகிற மாதிரிப் போய் நின்றேன். அவர்கள் பொறுமையாகச் சொன்னார்கள். பிளாக் மரக்க வைப்பது வயிற்றுச் சுவரை, தோலும் தசையும் தையலும். உள்ளே குடலைத் தொட்டு நகர்த்தியதால் வருகிற அந்த மந்தமான, இன்ன இடம் என்று காட்ட முடியாத வலி வேறு நரம்பு வழியாகப் போகிறது, டேப் பிளாக் அதைத் தொடாது. அதனால்தான் மரத்துப் போயிருக்கும்போதே பாராசிட்டமாலை 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை விடாமல் போடச் சொல்லி எழுதியிருந்தார்கள். பிளாக் இறங்கும்போது கீழே ஏற்கெனவே ஒரு மருந்து நிற்க வேண்டும். மார்பின், டிராமடால் வகையறாவைக் கூட்டிக்கொண்டே போனால் வாந்தி, மலச்சிக்கல், குடல் அசையாமல் கிடப்பது, மூச்சு மந்தமாவது என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அதைக் குறைக்கத்தான் இந்த ஊசியே. சில இடங்களில் அந்த இடுக்கிலேயே மெல்லிய குழாயை விட்டு இரண்டு மூன்று நாள் மருந்து கொடுக்கிறார்கள். அது கிடைக்குமா என்று முன்னாடியே கேட்டிருக்கலாம், எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இன்னொன்றும் சொன்னார்கள், படுத்திருக்கும்போது வலி எவ்வளவு என்று கேட்பதில் பிரயோஜனம் குறைவு, இருமச் சொல்லிப் பாருங்கள் என்று. தலையணையை அப்பாவை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொல்லி "இருமுங்கப்பா" என்றேன். பாதி இருமலில் முகம் சுருங்கியது. "இப்ப பத்துக்கு எவ்வளவு?" "ஏழு இருக்கும்." பரவாயில்லை ஏழானது இப்படித்தான். இருமாமல் சளி உள்ளேயே தேங்கினால் நிமோனியா. அந்த மூன்று பந்து ஊதுகிற, இல்லை, உறிஞ்சுகிற டப்பாவைக் கொடுப்பார்களே, வலி அடங்கிய நாளில்தான் அப்பாவுக்கு இரண்டாவது பந்தே எழும்பியது.

ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. மருந்து அளவு மீறினாலோ ரத்தக் குழாய்க்குள் போய்விட்டாலோ வாயைச் சுற்றி மதமதப்பு, நாக்கில் இரும்பு ருசி, காதில் ரீங்காரம், அதற்கும் மேலே போனால் வலிப்பு, இதயம் தடுமாறுவது. மயக்கத்தில் இருப்பவர் நாக்கு ருசியைச் சொல்ல முடியாது, அதனால் மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள். எடைக்குத் தகுந்துதான் அளவு போடுகிறார்கள், முறிப்பதற்குப் பால் மாதிரி வெள்ளையாக ஒரு கொழுப்பு மருந்து, 20 சதவீத லிப்பிட் எமல்ஷன், கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

போன வீடியோவுக்குக் கீழே ஒரு அக்கா சிசேரியனுக்கும் இதைப் போடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். போடுகிறார்கள் அக்கா, ஆனால் முதுகு ஊசியோடு சேர்த்து மார்பின் கொடுத்திருந்தால் டேப் பிளாக்கால் கூடுதல் பலன் பெரிதாக இருக்காது. அந்த மார்பின் இல்லாதபோதுதான் இது நன்றாகக் கைகொடுக்கும். உங்களுக்கு எது என்பதை மயக்க மருந்து டாக்டரிடம் கேளுங்கள், ஆபரேஷன் செய்கிற டாக்டரிடம் இல்லை. எத்தனை மணிக்குப் போட்டீர்கள், எப்போது இறங்கும், இறங்கும்போது என்ன மருந்து என்று கேட்டு, அந்த நேரத்தைப் போனில் அலாரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே கூப்பிடுகிற சத்தம் கேட்கிறது, காப்பி நேரம். அணைக்கிறேன்.