காது நனையட்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நேயர்களுக்கு வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை, உங்கள் வீட்டு அடுப்பில் ஏதோ வெந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள், போதும்.

என் கையில் இப்போது ஒரு தக்கை இருக்கிறது. காட்ட முடியாது, சொல்லத்தான் முடியும். உள்ளங்கை அகலம். நடுவில் ஒரு துளை. துளையின் ஓரம் கயிறு உரசி உரசி வழவழப்பாகிவிட்டது. வெளியே கறுத்திருக்கிறது; நகத்தால் கீறினால் உள்ளே தேன் நிறம். இது என் அப்பாவின் வலையில் இருந்த தக்கை.

அப்பா கரைவலைக்காரர். ஜூன், ஜூலையில் குளிர்ந்த நீரோடு மத்திக் கூட்டம் நம் கரையோரம் ஏறிவரும் இல்லையா, அந்த நாட்களில் அவர் வீட்டுக்கு வருவதே இல்லை. படகு வலையைச் சுற்றிப் போட்டுவிட்டுத் திரும்பும். கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். அப்பா நெஞ்சளவு தண்ணீரில் நின்று இழுப்பார். அலை முகத்தில் அடிக்கும், கயிற்றை விடமாட்டார். அப்படிப்பட்ட மனிதருக்கு நீந்தத் தெரியாது. அவரோடு கயிறு பிடித்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. சின்ன வயதில் எனக்கு அது விசித்திரமாகவே படவில்லை. "நம்ம ஆளுங்களுக்குத் தண்ணி ஆகாது" என்று ஆயா சொல்வார், நாங்களும் அதை அப்படியே நம்பினோம்.

இந்தப் பேச்சை நீங்களும் உங்கள் வீட்டில் கேட்டிருப்பீர்கள். நம்மவருக்குத் தண்ணீர் ஆகாதாம். பிள்ளைக்குத் தண்ணீரில் கண்டம் இருக்கிறதாம், பெண்ணுக்கு எதற்கு நீச்சலாம். நான் இன்றைக்கு வந்ததே இது சரியில்லை என்று சொல்லத்தான். சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பரில் இங்கே நங்கூரம் போட்டதே, அதில் வந்தவர்களும் பின்னால் வந்தவர்களும் வாரக்கணக்கில் கடலின் மேலேயே இருந்துதான் வந்தார்கள். வந்தவர்களில் சிலர் கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் டர்பன் விரிகுடாவில் இருக்கிற சாலிஸ்பரி தீவில் குடியேறி மீன் பிடித்தார்கள். தண்ணீர் ஆகாதவர்கள் செய்கிற வேலையா அது?

அப்புறம் அந்த ஆறு பேர் கதை. இதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

1917 அக்டோபர் கடைசி. உம்கேனி ஆற்றங்கரையில், ஸ்பிரிங்ஃபீல்ட் தாழ்நிலத்தில் டின் டவுன் என்று ஒரு குடியிருப்பு. பலகையும் தகரமும் வைத்துக் கட்டிய வீடுகள். பெரும்பாலும் காய்கறி பயிரிட்டுப் பிழைத்த நம்மவர்கள். மழை விடாமல் பெய்து, ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்துவிட்டது. மக்கள் கூரை மேல் ஏறினார்கள், மரத்தில் ஏறினார்கள். கூரையோடு சேர்ந்தே அடித்துப் போனவர்களும் உண்டு.

அப்போது மாரிமுத்து படவட்டானும் இன்னும் ஐந்து பேரும் படகை எடுத்தார்கள். மீன்பிடிப் படகுதான், என் அப்பா வகைப் படகு. கடலுக்கென்று கட்டியதை, மரமும் மாட்டுப் பிணமும் தகரமும் உருண்டு வருகிற ஆற்றுக்குள் விட்டார்கள். ஒரு தகரத் துண்டு பக்கவாட்டில் வந்து மோதினால் படகு பிளந்துவிடும். ஒரு முறை போய் வந்தாலே பெரிய காரியம். அவர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். 176 பேரைக் கரை சேர்த்தார்கள் என்பது கணக்கு. நூற்று எழுபத்தாறு உயிர்! கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், நேயர்களே. அந்த 176 பேரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இன்றைக்கு எத்தனை பேர் இருப்பார்கள்? இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில்கூட ஒருவர் இருவர் இருக்கலாம். ஆயா இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாரோ, அத்தனை முறையும் படகு போய்த் திரும்பும்போது துடுப்பு போடுவதுபோல் கையை ஆட்டுவார். அதே ஆயாதான் நமக்குத் தண்ணி ஆகாது என்றும் சொன்னார்.

அப்படியானால் பயம் எங்கிருந்து வந்தது? என் பதில் ஒன்றுதான். வேலியிலிருந்து வந்தது.

என் வயதுக்காரர்களுக்கு அந்தப் பலகை நினைவிருக்கும். டர்பன் கடற்கரைத் துணைவிதி 37ஆம் பிரிவின்படி இந்தக் குளிக்கும் இடம் வெள்ளையருக்கு மட்டும் என்று மூன்று மொழிகளில் எழுதியிருக்கும். ஆங்கிலம், ஆஃப்ரிகான்ஸ், ஸுலு. நமக்கு என்று ஒரு துண்டுக் கரை ஒதுக்கியிருந்தார்கள். அங்கே போனால் அம்மா புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்பார், நாங்கள் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நிற்போம். நுரை வந்து காலை நனைக்கும். அவ்வளவுதான் எங்கள் கடல். நல்ல நீச்சல் குளங்களின் கதவும் மூடித்தான் இருந்தது. 1989இல்தான் கடற்கரைகளைத் திறந்தார்கள், மறு வருடம் சட்டமும் போனது. ஆனால் அதற்குள் இரண்டு தலைமுறை நீந்தக் கற்காமலே வளர்ந்துவிட்டது. கற்காத அம்மா பிள்ளையைத் தண்ணீரில் விடுவாரா? கரையிலிருந்தே "வா, வா" என்று கூப்பிடுவார். பலகையைக் கழற்றின பிறகும் வேலி வீட்டுக்குள்ளேயே இருந்தது.

நான் நீந்தக் கற்றபோது எனக்கு 47 வயது. நகராட்சிக் குளம் ஒன்றில், முழங்கால் வரைக்கும் காற்சட்டையும் மேலே ஒரு டீ-ஷர்ட்டும் போட்டுக்கொண்டு இறங்கினேன். சொல்லிக்கொடுத்தவர் ஒரு ஸுலு இளைஞர், என் மகன் வயது. கையை இப்படி வீசு, காலை இப்படி அடி என்று அவர் ஆரம்பிக்கவே இல்லை. மல்லாந்து படுக்கச் சொன்னார். என் பிடரியில் இரண்டே இரண்டு விரலை வைத்தார். நான் தலையைத் தூக்கினேன், இடுப்பு கீழே போனது. மறுபடி படுத்தேன், மறுபடி தூக்கினேன். "மா, காது நனையட்டும்" என்றார் ஆங்கிலத்தில். எத்தனை முறை சொல்லியிருப்பாரோ! ஒரு கட்டத்தில் காதை விட்டுவிட்டேன். தண்ணீர் இரண்டு காதையும் மூடியது. குளத்தின் இரைச்சல் எல்லாம் நின்று, என் மூச்சு மட்டும் உள்ளே பெரிதாகக் கேட்டது. எப்போது விரலை எடுத்தார் என்று தெரியவில்லை. கண்ணைத் திருப்பினால் அவர் இரண்டடி தள்ளி நிற்கிறார்.

அப்போதுதான் அப்பாவின் தக்கை ஞாபகம் வந்தது. அதை எவ்வளவு அழுத்தினாலும் மேலே வந்துவிடும். நம் உடம்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். நுரையீரல் நிறைய மூச்சு இருந்தால் பெரும்பாலானவர்கள் மிதப்பார்கள். கடல் தண்ணீரில் உப்பு இருப்பதால் இன்னும் எளிது. தலை மட்டும் நாலைந்து கிலோ இருக்கும். அதைத் தண்ணீருக்கு மேலே தூக்கினால் அந்தப் பாரத்துக்கு உடம்பு கீழே இறங்கும். கையைத் தூக்கினாலும் அப்படியே. பயத்தில் நாம் முதலில் செய்வது இந்த இரண்டையும்தான். கால் தாழ்ந்துபோகிறதா? கையைத் தலைக்குப் பின்னால் தண்ணீருக்குள்ளேயே நீட்டுங்கள், முழங்காலைக் கொஞ்சம் மடக்குங்கள், சமன்படும். சிலருக்குக் கால் இறங்கித்தான் நிற்கும். மூக்கும் வாயும் வெளியே இருந்தால் போதும்.

அதனால் திரும்பவும் சொல்கிறேன். முதலில் மிதக்கக் கற்றுக்கொள்ளுங்கள், நீச்சல் அப்புறம். பிள்ளைக்கும் அப்படியே. ஒரு நிமிடம் மல்லாந்து கிடக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கூப்பிட நேரம் கிடைக்கும், ஆள் வந்து சேர நேரம் கிடைக்கும்.

இப்போது சனிக்கிழமைகளில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். போன வருடம் ஒரு அக்கா வந்தார், வயது 71. கணவரின் அஸ்தியை ப்ளூ லகூனில், உம்கேனி கடலில் சேருகிற இடத்தில் கரைத்தபோது தண்ணீரில் இறங்கப் பயந்து கரையிலேயே நின்றுவிட்டாராம். அந்த வருத்தம்தான் அவரைக் குளத்துக்கு அழைத்து வந்தது. இந்தத் தக்கையை அவர் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னேன். அழுத்தினார், விட்டார், அழுத்தினார், விட்டார். நாலாவது வாரம் காதை நனைத்தார். திவசத்தன்று முழங்கால் அளவு இறங்கி நின்று தானே பூ விட்டேன் என்று தொலைபேசியில் சொன்னார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரல் காட்டுகிறார், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. கடலின் இழுப்பு நீரோட்டம் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அலை உடையாமல், கொஞ்சம் கறுப்பாக, அமைதியாகத் தெரிகிற இடம் பெரும்பாலும் தண்ணீர் கடலுக்குள் திரும்பி ஓடுகிற வாய்க்கால். பார்க்க அமைதியாக இருக்கிறதே என்று பிள்ளையை அங்கே விடாதீர்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்த வேண்டாம். அது உங்களை அடியில் இழுக்காது, கரையை விட்டுத் தள்ளித்தான் கொண்டுபோகும். மிதந்துகொண்டு ஒரு கையை மட்டும் உயர்த்துங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக நகர்ந்து வெளியே வாருங்கள். உயிர்காப்பாளர்கள் சிவப்பு, மஞ்சள் கொடிகளை நட்டிருக்கும் இடத்துக்கு நடுவிலேயே குளியுங்கள். இன்னொன்று, மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்தமாட்டார், சத்தமே வராது, அதனால் பிள்ளையிடமிருந்து கண்ணை எடுக்காதீர்கள். மழைக்குப் பிறகு ஆற்று முகத்துவாரத்தில் இறங்குவது பற்றியும் சொல்ல இருந்தது...

சரி, தம்பி கை அசைக்கிறார். வணக்கம், நேயர்களே.