கொடைக்கானலின் ஊற்றுகள்
(மதுரையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அஞ்சல் துறையில் பணியாற்றிய நான், எண்பதுகளில் கொடைக்கானலுக்கு மாற்றலாகிச் சென்று, ஆனந்தகிரியில் வாடகை வீடு எடுத்துக் குடும்பத்தோடு வாழ்ந்தேன். பிறகு மதுரைக்கு மாற்றல் கிடைத்தது. பிள்ளைகளின் படிப்பு, அவர்களின் திருமணம் என்று காலம் ஓடிவிட்டது. சென்ற பங்குனியில்தான் மீண்டும் அங்கே போய்த் தங்கி வந்தேன். அங்கு கண்டவற்றுள் தண்ணீரைப் பற்றி மட்டும் இன்று பேச விரும்புகிறேன்.

மதுரையில் இருப்பவர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அக்கறை கொள்ளக் காரணங்கள் உண்டு. காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் தம்மவர் பலரை இழந்த அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார் 1845-இல் மலையேறி வீடு கட்டிய பிறகே அவ்வூர் வளர்ந்தது. அங்குள்ள ஏரியை 1863-இல் கரை கட்டி உருவாக்கியவர் மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்சு. 1985-இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும் வரை கொடைக்கானல் நம் மாவட்டத்து ஊராகவே இருந்தது. இவற்றையெல்லாம்விடப் பெரிய உறவு ஒன்றும் உண்டு. பெரியகுளம் வழியாக ஓடும் வராகநதியும், அதற்குக் கிழக்கே இறங்கும் மஞ்சளாறும் அந்த மலையில் பெய்யும் மழையைச் சுமந்துகொண்டு வைகையில் வந்து கலக்கின்றன.

நான் வாழ்ந்த காலத்தில் அந்த ஊரில் ஈரம் இல்லாத இடமே கிடையாது. மழை மாதங்களில் அஞ்சல் தலைத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால், ஒவ்வொரு தாளுக்கும் இடையே மெழுகுத்தாளை வைத்தே பூட்டுவோம். அப்படியும் ஓரங்கள் சுருண்டுவிடும். மழை ஓய்ந்து மாதங்கள் கடந்த பின்பும், எங்கள் தெரு முடிந்து சரிவு தொடங்கும் இடத்தில் ஓர் ஊற்று வற்றாமல் இருந்தது. பாறை இடுக்கிலிருந்து விரற்கடை அகலத்துக்கு வழியும் நீர், பாசி படிந்த கல்தொட்டியில் நிறைந்து, அதன் உதட்டைத் தாண்டி ஓடைக்குப் போகும். சித்திரையில்கூட ஒரு குடம் நிறைய அதிக நேரம் ஆகாது. பெண்கள் துணி துவைப்பதற்கென்று தொட்டிக்குக் கீழே தனியாக ஒரு கல் கிடந்தது.

இப்போது தொட்டி இருக்கிறது. அதற்குள் உலர்ந்த இலைகளும் தண்ணீர்ப் பாட்டில்களும் கிடக்கின்றன. தெருமுனையில் தண்ணீர் லாரியிலிருந்து ரப்பர் குழாய் வழியாக ஒரு விடுதியின் நிலத்தடித் தொட்டிக்கு நீர் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாவை அடையாளம் கண்டு பேசினேன். "கல்தொட்டித் தண்ணியா? அது நின்னு ரொம்ப வருஷம் ஆச்சுங்க சார்" என்றார். ஊற்று ஒரே நாளில் வற்றியிருந்தால் ஊரே பேசியிருக்கும். ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததால், அது எப்போது நின்றது என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

ஊற்று ஏன் வற்றுகிறது என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். கொடைக்கானல் அமைந்துள்ள பழனி மலைத்தொடரின் மேல்பகுதி இயல்பாகவே புல்வெளியும், மடிப்புகளில் ஒதுங்கிய சோலைக்காடும் கலந்தது. சோலையின் அடியில் நூற்றாண்டுகளாக மட்கிச் சேர்ந்த இலைமண், பெய்த மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடை முழுதும் சிறிது சிறிதாகக் கசியவிடும். புல்வெளியும், பள்ளத்தாக்குகளில் இருந்த சதுப்புகளும் இந்த வேலையையே செய்தன. தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் மரத்தையும், மரக்கூழுக்காகத் தைல மரத்தையும் புல்வெளிகளில் நட்டார்கள். பைன் மரங்களையும் நட்டார்கள். வாட்டிலின் விதை மண்ணில் பல்லாண்டு கிடந்து முளைக்கக்கூடியது. வெட்டினாலும் தீ வைத்தாலும் முன்னிலும் அடர்த்தியாகக் கிளம்பும். இப்படி, கடந்த அரை நூற்றாண்டில் புல்வெளியின் பெரும்பகுதி போயிற்று. ஊருக்குள்ளோ, சதுப்பு இருந்த தாழ்வான இடங்களில் கட்டடங்கள் எழுந்தன. புல்வெளியைப் பயனற்ற தரிசாகக் கருதியதே இத்தனை கேட்டுக்கும் மூலகாரணம் என்பது என் உறுதியான கருத்து.

சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே மாதம் 7-ஆம் தேதியிலிருந்து மலைக்குச் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. அதை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். வாடகைக்கார் ஓட்டுபவர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் அதனால் வரும் கஷ்டத்தை நான் அறியாதவன் அல்லன். அதற்கு அரசு வழி செய்யத்தான் வேண்டும். ஆனால், வண்டிகளைக் குறைப்பதால் மட்டும் ஊற்று திரும்பாது. வாட்டிலை அகற்றிப் புல்லை மீண்டும் வளர்ப்பதும், எஞ்சியுள்ள சதுப்புகளில் மண் கொட்டாமல் காப்பதும் உடன் நடக்க வேண்டும். அதற்கு, எங்கெங்கே நீர் ஊறியது என்ற விவரம் முதலில் தேவை.

அந்த விவரத்தைத் தரக்கூடியவர்கள் ஒரு காலத்தில் அங்கே வாழ்ந்துவிட்டு இறங்கி வந்த நம்மைப் போன்றவர்களே. பணிக்காகவோ படிப்புக்காகவோ கொடைக்கானலில் வாழ்ந்தவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது ஏரியைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடாமல், நீங்கள் குடியிருந்த தெருவுக்குப் போய், தண்ணீர் எடுத்த இடத்தைத் தேடிப் பாருங்கள். அது எந்தத் தெருவில் இருந்தது, எந்த மாதம் வரை ஊறியது, இப்போது அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி என்னிடம் தாருங்கள். அவற்றைத் தொகுத்து நகராட்சியிடமும் வனத்துறையிடமும் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இன்றே எழுதக்கூடியவர்களுக்காக, வாசலருகே உள்ள மேசையில் தாளும் பேனாவும் வைத்திருக்கிறோம்.