எங்கே பயமாக இருக்கிறது?

அனைவருக்கும் வணக்கம்.

என்னை அறிமுகம் செய்தவர் 'சாலைப் பாதுகாப்பு நிபுணர்' என்றார். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கூச்சம்தான். காரணத்தைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. வயல்களுக்கு நடுவே போகும் இருவழி நெடுஞ்சாலை ஒன்றில் விபத்துகளைக் குறைக்கத் திட்டம் போடும் பொறுப்பு எங்கள் குழுவிடம் வந்தது. மூன்று வருடப் போலீஸ் பதிவுகளை எடுத்தோம். வரைபடத்தில் விபத்துக்கு ஒன்றாகச் சிவப்புப் புள்ளி வைத்தோம். ஒரு வளைவில் மட்டும் நான்கு புள்ளிகள் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. சரி, அந்த வளைவை நிமிர்த்த வேண்டியதுதான் என்று முடிவு கட்டினோம். புதிய சாலையைப் பச்சையில் வரைந்து, பெரிய தாளில் அச்சடித்துக்கொண்டு, கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போனோம். கருத்து கேட்கத்தான் போனோம் என்று பெயர். உண்மையில் படம் காட்டப் போனோம்.

நான் பேசி முடித்ததும் வயதான அம்மா ஒருவர் எழுந்து வந்தார். சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நாங்கள் பச்சை அடித்த வளைவை விட்டுவிட்டு, அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, ஒரு புள்ளிகூட இல்லாத இடத்தில் விரலை வைத்தார். "இங்கதான் தம்பி விழுறாங்க" என்றார்.

"அங்கே ரோடு நேராகத்தானே அம்மா இருக்கிறது?"

"ரோடு நேர்தான். மழை பேஞ்சா தண்ணி குறுக்கால போகுதே."

அடுத்த மழைக்குப் போய்ப் பார்த்தோம். சாலைக்கு அடியில் இருந்த சிறுபாலக் குழாய் மண்ணும் முள்ளும் அடைத்து பாதிக்கு மேல் மூடிக்கிடந்தது. வயல் தண்ணீர் போக வழியில்லாமல் தார்மேல் ஏறி, விரல் கனத்துக்கு வண்டல் படிய வைத்துவிட்டு அந்தப் பக்கம் இறங்கியது. நான் நின்ற முக்கால் மணி நேரத்தில் இரண்டு பேர் வழுக்கி விழுந்தார்கள். எழுந்தார்கள், முழங்கையைத் துடைத்துக்கொண்டார்கள், வண்டியை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டார்கள். இதற்கு யார் போலீஸுக்குப் போவார்கள்? பதிவு இல்லை, அதனால் புள்ளி இல்லை, அதனால் எங்கள் கணக்கில் அந்த இடமே இல்லை.

பதிவுகளை நான் குறைசொல்லவில்லை. அவை இல்லாமல் எங்களால் ஒரு அடி வைக்க முடியாது. ஆனால் கிராமப்புறச் சாலையில் விபத்துகள் பரவலாக நடக்கும். ஒரே இடத்தில் வருடத்துக்கு ஒன்று, இரண்டு, சில வருடம் ஒன்றுமே இல்லை. அவ்வளவு சிறிய எண்களை வைத்துக்கொண்டு பேசுவது, பகடையை நாலு தடவை உருட்டிப் பார்த்து அதன் குணத்தைச் சொல்வது போல. போன வருடம் மூன்று நடந்த இடத்தில் நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் இந்த வருடம் ஒன்றாகக் குறையலாம். புள்ளியியலில் இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். நடுவில் ஒரு எச்சரிக்கைப் பலகை நட்டுவிட்டு 'பலகையால் குறைந்தது' என்று அறிக்கை எழுதும் துறைகள் உலகம் முழுக்க உண்டு. நானும் அப்படி ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன்.

ஆக, விபத்து நடந்த இடம் போலீஸுக்குத் தெரியும். நடக்கப் பார்த்துத் தப்பிய இடம் தினமும் அந்த வழியே போகிறவர்களுக்குத்தான் தெரியும். அது எந்தப் பேரேட்டிலும் ஏறாது. கேட்டால்தான் கிடைக்கும்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் பெரும்பாலான கூட்டங்கள் கோட்டை விடுகின்றன. "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் பதில் எங்கே போனாலும் ஒன்றுதான்: வேகத்தடை, இல்லாவிட்டால் சிக்னல். பதில் சொல்லும் மக்கள் மேல் தப்பில்லை, அவர்கள் கண்ணில் பட்ட மருந்து அவ்வளவுதான். மணிக்கு 80 கிலோமீட்டரில் வண்டிகள் வரும் சாலையில் திடீரென்று ஒரு மேடு வைத்தால், முன்னால் போகிறவர் பிரேக் பிடிப்பார், பின்னால் வரும் லாரி அவர்மேல் ஏறும். இரவில் கேட்கவே வேண்டாம். மருந்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வலி எங்கே என்று சொல்லுங்கள். அதனால் நான் இப்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: "இந்த ரோட்டில் எங்கே பயமாக இருக்கிறது?"

இப்படிக் கேட்டபோது ஒரு பெண் சொன்னது: "பஸ்ஸை விட்டு இறங்கினதும் எங்க மாமியாரை ரோடு தாண்ட வைக்கிறதுக்குள்ள உசுரு போயிடும்." பேருந்து நிறுத்தம் வளைவை ஒட்டி இருந்தது. மறுநாள் நாங்கள் அங்கே நிறுத்துக் கடிகாரத்தோடு போனோம். சாலை அகலம் ஏழு மீட்டர். அந்தப் பாட்டியின் நடை வினாடிக்கு 90 சென்டிமீட்டர். தாண்டி முடிக்க எட்டு வினாடி. மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் கார் ஒரு வினாடியில் 22 மீட்டர் ஓடும். எட்டு வினாடியில் சுமார் 178 மீட்டர். அந்த வளைவில் கண்ணுக்குத் தெரிவதோ 120 மீட்டர்தான்.

புரிகிறதா? பாட்டி இரண்டு பக்கமும் பார்க்கிறார், காலியாகத்தான் இருக்கிறது, நடக்கத் தொடங்குகிறார். அப்போது கண்ணுக்கே தெரியாமல் இருந்த கார், அவர் மறுகரை சேர்வதற்குள் வந்துவிடும். ஓட்டுநராவது நிறுத்துவாரா என்று பாருங்கள். ஆளைக் கண்டு, புரிந்து, காலை பிரேக்குக்குக் கொண்டுபோக இரண்டரை வினாடி என்று சாலை வடிவமைப்பில் கணக்கு வைப்பார்கள். அதற்குள் 55 மீட்டர் போய்விடும். அப்புறம் சாதாரணமாகப் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 70 மீட்டருக்கு மேல். கிட்டத்தட்ட 130 மீட்டர் ஆயிற்று. இருப்பது 120. பாட்டியும் தப்பு செய்யவில்லை, ஓட்டுநரும் தப்பு செய்யவில்லை, ஆனாலும் உயிர் போகலாம். 'கவனக்குறைவு' என்று எழுதி மூடிவிடும் எத்தனையோ கோப்புகளுக்குள் இந்தக் கணக்குதான் ஒளிந்திருக்கிறது.

இதே இடத்தில் வேகம் 60 ஆனால் நிற்க 83 மீட்டர் போதும். வளைவின் உள்பக்கப் புதரை வெட்டினால் பார்வை நீளும். நடுவில் நின்று மூச்சுவிட ஒரு திட்டு வைத்தால் எட்டு வினாடி இரண்டு நான்காகப் பிரியும். நிறுத்தத்தையே தள்ளி வைத்தால் வளைவுப் பிரச்சினையே இல்லை. இதில் எது என்பதை நாங்கள் கணக்குப் போட்டுச் சொல்லலாம். ஆனால் நிறுத்தத்தைத் தள்ளி வைத்தால் அந்தப் பாட்டி அவ்வளவு தூரம் நடப்பாரா, இல்லை பழைய இடத்திலேயே இறங்கிக்கொள்வாரா என்று மருமகளைத்தான் கேட்க வேண்டும். கேட்டோம். "நடக்க மாட்டாங்க" என்றார். திட்டு வைத்தோம்.

வேகம் என்ற பேச்சை எடுத்தால் கூட்டத்தில் சத்தம் வரும். அது நியாயமும்கூட, ஏனென்றால் ஒரே சாலை ஒருவருக்கு வழி, இன்னொருவருக்கு வாசல். சரக்கு ஏற்றிக்கொண்டு முந்நூறு கிலோமீட்டர் போகிறவருக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. வாசலில் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருப்பவருக்கு அந்த நிமிடமே எமன். சுவீடன் ஆய்வாளர் யோரன் நில்சன் வகுத்த கணக்கு ஒன்று உண்டு. சாலையில் சராசரி வேகம் ஐந்து சதவீதம் குறைந்தால், உயிர் பறிக்கும் விபத்துகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். எண்பதில் ஐந்து சதவீதம் என்றால் நான்கு கிலோமீட்டர். பத்து கிலோமீட்டர் பயணத்தில் அரை நிமிடத்துக்கும் குறைவான தாமதம். இதை எழுதிக் காட்டிய பிறகு சத்தம் கொஞ்சம் அடங்குவதைப் பார்த்திருக்கிறேன். முழுக்க அடங்காது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

மூடவும் கூடாது. ஆனால் எல்லாவற்றையும் கைதூக்கச் சொல்லி முடிவு செய்யவும் முடியாது. சுவீடன் நாடாளுமன்றம் 1997-இல், சாலையில் யாரும் சாகவோ படுகாயம் அடையவோ கூடாது என்பதையே கொள்கையாக ஏற்றது. அங்கே 13 மீட்டர் அகலத்தில் இருவழிச் சாலைகள் நிறைய இருந்தன. அகலம் இருக்கிறதே என்று எதிர்ப்பக்கம் ஏறி முந்துவார்கள், நேருக்கு நேர் மோதுவார்கள். 1998-இல் யெவ்லே நகருக்கு வடக்கே அப்படி ஒரு சாலையை மூன்று லேனாகக் கோடு போட்டு, நடுவில் கம்பிவடத் தடுப்பு இழுத்தார்கள். ஒரு பக்கம் இரண்டு லேன், மறுபக்கம் ஒன்று. சில கிலோமீட்டருக்கு ஒருமுறை முறை மாறும். முந்த நினைப்பவர் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். எதிர்ப்பு பலமாக இருந்தது. பழுதான வண்டியைத் தாண்டி ஆம்புலன்ஸ் எப்படிப் போகும் என்றார்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள் அந்த வடத்துக்குப் பாலாடைக்கட்டி சீவும் கத்தி என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஆனால் இந்த வகைச் சாலைகளில் உயிரிழப்பு நான்கில் மூன்று பங்கு அளவுக்குக் குறைந்ததை மதிப்பீடுகள் காட்டின. அதன்பின் அது அந்த நாடு முழுக்கப் பரவியது. முதல் நாள் வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் அந்த வடம் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

உடனே, பார்த்தீர்களா, மக்களைக் கேட்கவே வேண்டாம் என்று எங்கள் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்கு அதிர்வுப் பட்டையின் கதையைச் சொல்வேன். தூக்கக் கலக்கத்தில் ஓட்டுநர் கோட்டைத் தாண்டினால் சக்கரம் தடதடவென்று அதிரும்படி தாரில் சின்னச் சின்னப் பள்ளமாகச் செதுக்குவது. அமெரிக்க ஆய்வு ஒன்றில், கிராமப்புற இருவழிச் சாலையின் நடுக்கோட்டில் இதைச் செதுக்கியபோது, எதிரெதிர் வண்டிகள் மோதிக் காயம் உண்டாக்கும் விபத்துகள் 44 சதவீதம் குறைந்தன. செலவும் குறைவு. எனக்கு மிகவும் பிடித்த வைத்தியம். ஆனால் சாலையோர வீடுகளில் ராத்திரி தூக்கம் போய்விடும். ஓரக்கோட்டில் செதுக்கினால் சைக்கிளில் போகிறவர் பல் ஆடிவிடும். இரண்டு புகாரும் உண்மை. அந்தப் புகார்களால்தான் சைக்கிள்காரர் புகுந்து வெளியேற நடுநடுவே இடைவெளி விடும் வழக்கம் வந்தது. வெளியே சத்தம் குறைவாகக் கேட்கும் அலை வடிவப் பட்டையும் வந்தது. புகாரைக் காதில் வாங்கியதால் வைத்தியம் இன்னும் நல்ல வைத்தியமாயிற்று.

ரவுண்டானாவும் அப்படித்தான். நான்கு வழி கூடும் இடத்தில் வண்டிகள் முட்டிக்கொள்ள 32 முனைகள் உண்டு, ரவுண்டானாவில் எட்டே எட்டு. 'டிரெய்லர் எப்படித் திரும்பும்?' என்ற கேள்வி வராத கூட்டமில்லை. நியாயமான கேள்வி. நடுத்திட்டைச் சுற்றிப் பின்சக்கரம் ஏறி இறங்கத் தாழ்வான விளிம்பு வைப்பதே அதற்குத்தான்.

கூட்டத்துக்கு யார் வருகிறார்கள் என்பதையும் பாருங்கள். நிலம் போகுமோ என்று பயப்படுகிறவர்கள் வருவார்கள், கடைக்காரர்கள் வருவார்கள். பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகள் வர மாட்டார்கள். கடந்து போகும் லாரிக்காரர் வர மாட்டார். பகலெல்லாம் வேலை செய்தவர் மாலையில் படம் பார்க்க வர மாட்டார். நாம்தான் போக வேண்டும்: பள்ளிக்கு, நிறுத்தத்துக்கு, லாரிகள் இளைப்பாறும் இடத்துக்கு. பிள்ளைகளிடம் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரையச் சொல்லுங்கள். ஒரு பையன் சாலையைப் படம் முழுக்கக் கறுப்பாக அடித்துவிட்டு, தன்னை ஓரத்தில் எள் அளவு வரைந்திருந்தான். அதற்கு மேல் எந்த அறிக்கையும் எனக்குத் தேவைப்படவில்லை.

கேட்டபின் சும்மா இருப்பது கேட்காததைவிட மோசம். வந்த ஒவ்வொரு கருத்துக்கும் எதிரே ஒரு வரி எழுதி ஒட்டுங்கள்: செய்கிறோம், எப்போது, செய்யவில்லை, ஏன். 'முடியாது' என்ற பதிலை மக்கள் தாங்குவார்கள். நான் ஒருமுறை பதிலே எழுதாமல் இரண்டாவது கூட்டம் போட்டேன். ஐம்பது நாற்காலி, வந்தவர்கள் ஏழு பேர், அதில் மூன்று பேர் எங்கள் அலுவலகம்.

சின்ன வேலைகளைப் பெரிய திட்டத்துக்காகக் காக்க வைக்காதீர்கள். புதர் வெட்டுவது, ஓரக்கோடு, ரிப்ளக்டர், வளைவில் அம்புப் பலகை, இதெல்லாம் சில வாரத்தில் ஆகிற காரியம். தார் விளிம்பும் அப்படித்தான். மேலே மேலே தார் போட்டு ஓர மண்ணை விட்டுவிட்டால் விளிம்பு நாலு விரல் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும். சக்கரம் கீழே இறங்கிவிட்டால் ஓட்டுநர் பதறி ஸ்டியரிங்கை ஒடிப்பார். டயர் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே வந்து சட்டென்று ஏறும், வண்டி நேராக எதிர் லேனுக்குப் பாயும். தார் போடும்போதே விளிம்பை 30 டிகிரி சரிவாக அழுத்திவிட்டால் டயர் மெதுவாக ஏறிவிடும். இயந்திரத்தில் ஒரு தகடு மாட்டினால் போதும்.

அந்தச் சிறுபாலத்தை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். குழாயைத் தோண்டி எடுத்துப் பெரிதாகப் போட்டோம். எங்கள் பச்சை வளைவு அப்படியே இருக்கிறது. அம்புப் பலகையும் ஓரக்கோடும் வைத்ததோடு சரி, நிமிர்த்தவில்லை. ஒரு மழைக்காலம் முடிந்து மறுபடி கூட்டம் போட்டபோது அந்த அம்மா முதல் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் நிற்கிறதா என்று நானே போய்க் கேட்டேன்.

"இல்லை தம்பி, இப்ப காஞ்சு கிடக்கு. அதான் பறக்குறானுங்க" என்றார்.

நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டேன். அடுத்த வாரம் வேகம் அளக்கும் கருவியோடு அங்கே போய் நின்றோம்.