பல்லும் கொப்பியும்
(அட்டனில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, பிரதேச சபை உறுப்பினர்களே, பொன்னாடை போர்த்திய ஆலய பரிபாலன சபைப் பெரியவர்களே, மலையிலிருந்து நேரே வந்து பின்வாசலில் நிற்கும் தாய்மாரே, வணக்கம். முன்வரிசையில் இன்னும் நாற்காலி இருக்கிறது, வந்து உட்காருங்கள்.

வலிப்பைப் பற்றி மருத்துவம், சட்டம், சமூகம் என்று மூன்றாகப் பேசச் சொன்னார்கள். எனக்குப் பிடித்த பழமொழியிலிருந்து தொடங்குகிறேன்: அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

எனக்கு அப்போது பத்து வயது. சம்பள நாள், நீள வரிசை. எங்கள் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, அண்ணன் ஒருவர் பொத்தென்று விழுந்தார். கைகால் வெட்டி இழுத்தது. ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். இன்னொருவர் செருப்பை மூக்கில் வைத்தார். நாலு பேர் மேலே ஏறி அமுக்கினார்கள். இழுப்பு நின்றது, புத்தி தெளியவில்லை. எழப் பார்த்தவரை இவர்கள் விடவில்லை. திமிறி வீசிய கை கங்காணியின் முன்பல்லில் பட்டது. பல் போச்சு! பேய் என்றது ஒரு லயம், பழைய பகை என்றது மறு லயம். அரை மணி கழித்துத் தெளிந்த அண்ணன் கேட்டார்: “ஐயா, வாயில என்ன ரத்தம்?” கங்காணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அன்றிரவு அண்ணன் படுத்தது பொலிசில்.

வலிப்பின்போது ஒருவர் குறிவைத்துத் தாக்குவது மிக அரிது. வலிப்பு ஓய்ந்த குழப்பத்தில் பிடித்து அமுக்கினால் திமிறுவார், அவ்வளவுதான். ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்தில் இருங்கள். இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ 19ஆம் நூற்றாண்டில் பிறவிக் குற்றவாளியையும் வலிப்புக்காரரையும் ஒரே இனமாக்கினார். படித்தவர் அரண்டாலும் பேய்தான்!

சட்டத்துக்கு வருவோம். செய்வது இன்னதென்று அறிய முடியாத சித்தசுவாதீனமற்றவர் செய்தது குற்றமில்லை என்கிறது நமது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவு. இங்கிலாந்தில் சலிவன் என்பவர் வலிப்பு தணியும் வேளையில் 80 வயது நண்பரை உதைத்துவிட்டார். இதுவும் சித்தசுவாதீனமின்மைதான் என்றார் நீதிபதி. அந்தத் தீர்ப்புக்கு அஞ்சியே மனிதர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 1983இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையும் நீதிபதி சொன்னதையே உறுதிசெய்தது.

சலிவனுக்காவது வைத்தியர்கள் சாட்சி சொன்னார்கள். இங்கேயும் நிரூபிக்க வேண்டியவர் எதிரிதான், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்தான். எதைக் காட்டுவார்? சிகிச்சை விவரம் எழுதும் கிளினிக் கொப்பியை. கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போகும். அதனால் போவதில்லை, கொப்பியும் இல்லை. ஆகவேதான் தொண்டை வற்றக் கத்துகிறேன்: தோட்ட வைத்திய நிலையங்களை அரசு பொறுப்பேற்க வேண்டும், வலிப்பு மாத்திரை அங்கேயே கிடைக்க வேண்டும்.

சமூகத்தைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணி பார்க்கிறார். வாசல் மேசையில் மகஜர் இருக்கிறது. பேனா ஒன்றுதான், தள்ளாமல் கையெழுத்துப் போடுங்கள்.