எண் கிடைக்காத லூயிகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பிரெஞ்சு வரலாற்றைப் படிக்க உட்காருபவர்களுக்கு முதலில் தலை சுற்றுவது லூயிகளால்தான். பதினான்காம் லூயிக்கு அடுத்து பதினைந்தாம் லூயி வருவதால் அப்பாவும் மகனும் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் பதினைந்தாம் லூயி, பதினான்காம் லூயியின் கொள்ளுப்பேரன். சரி, நடுவில் இருந்த இரண்டு தலைமுறை எங்கே? அவர்களும் லூயிகள்தான். அரியணை ஏறாததால் எண் கிடைக்கவில்லை, அவ்வளவே.

இந்தப் பெயர் மீது ஏன் இத்தனை பிடிவாதம்? ஒன்பதாம் லூயி 1270இல் சிலுவைப் போருக்குப் போன இடத்தில், டூனிஸ் அருகே இறந்தார். 1297இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. 1589இல் ஆட்சிக்கு வந்த, இந்த லூயிகளின் பூர்போன் வம்சத்தார் முந்தைய அரசருக்கு மிகவும் தூரத்து உறவு. அந்தப் புனிதரின் கடைசி மகன் வழியில் வந்தவர்கள் என்பதுதான் அவர்களுடைய உரிமைக்கே ஆதாரம். அப்புறம் பிள்ளைகளுக்கு வேறு பெயர் வைப்பார்களா?

வெர்சாய் அரண்மனையில் இதனால் குழப்பம் வரவில்லை. அங்கே பெயர் சொல்லி அழைப்பது வழக்கமில்லை, பட்டம்தான். பதினான்காம் லூயியின் மகன் லூயி 'மொன்செஞ்ஞர்'. பேரன் லூயி பர்கண்டி கோமகன். அந்தப் பேரனுக்குப் பிறந்த மூன்று ஆண் குழந்தைகளுக்கும் லூயி என்றே பெயர். மூத்தது 1705இல், ஒரு வயது நிறையும் முன்பே இறந்துவிட்டது.

அடுத்து நடந்ததைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். 1711 ஏப்ரலில் பெரியம்மையில் பதினான்காம் லூயியின் மகன் போனார். 1712 பிப்ரவரி 12இல் பேரனின் மனைவியும், ஆறே நாளில் பேரனும் போனார்கள், தட்டம்மை என்கிறார்கள். மார்ச்சில் எஞ்சிய இரண்டு சிறுவர்களும் படுத்துவிட்டார்கள். பிழைப்பார்களோ மாட்டார்களோ என்று அவசர அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்தபோது இருவருக்குமே லூயி என்றுதான் பெயர் வைத்தார்கள்! ஒருவன் போனாலும் அரியணைக்கு ஒரு லூயி இருக்கட்டும் என்ற கணக்கு அது என்பது என் எண்ணம். மருத்துவர்கள் ஐந்து வயது அண்ணனுக்கு நரம்பை வெட்டி ரத்தம் வடித்தார்கள். மார்ச் 8இல் அவன் இறந்தான். இரண்டு வயதுத் தம்பியை மட்டும் செவிலித்தாய் வெண்டடூர் அம்மையார் மருத்துவர்கள் கையில் கொடுக்கவே இல்லை. பிழைத்த அந்தக் குழந்தைதான் 1715இல் பதினைந்தாம் லூயி ஆனது. அந்தக் காலத்து வைத்தியத்தைவிட ஓர் அம்மாளின் பிடிவாதம் மேலாக இருந்திருக்கிறது.

பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793 ஜனவரி 21இல் பதினாறாம் லூயியின் தலையை கில்லட்டின் என்ற இயந்திரத்தில் வெட்டினார்கள். அதற்கு முன்பே புரட்சி அரசு அவருடைய எண்ணைப் பறித்து, 'லூயி கப்பே' என்று சாதாரணக் குடிமகனாக்கித்தான் விசாரித்தது. ஆனால் வெளிநாட்டில் இருந்த தம்பி, சிறையில் கிடந்த அண்ணன் மகனைப் பதினேழாம் லூயி என்று அறிவித்தார். ஒரு நாள்கூட ஆளாத அந்தச் சிறுவன் 1795 ஜூன் 8இல், பத்து வயதில், பாரிஸில் தாம்ப்ளே கோட்டைச் சிறையில் இறந்தான். உடலைச் சோதித்த மருத்துவர் அவன் இதயத்தை ரகசியமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார். கை மாறிக் கை மாறி வந்த அந்த இதயத்தை 2000இல் மரபணுச் சோதனை செய்து, 2004இல் அரசர்கள் அடங்கியுள்ள சேன் தெனி தேவாலயத்தில் வைத்தார்கள்.

சிறுவன் இறந்த செய்தி வந்ததும் சித்தப்பா தன்னைப் பதினெட்டாம் லூயி என்றார். நெப்போலியன் வீழ்ந்து, 1814இல்தான் உண்மையான அரியணை கிடைத்தது. அந்த ஆண்டு அவர் வெளியிட்ட அரசியல் சாசனத்தின் தேதியைப் பாருங்கள்: 'நமது ஆட்சியின் பத்தொன்பதாம் ஆண்டு'. குடியரசு, நெப்போலியன், அவர் ஆஸ்டர்லிட்ஸ் போரில் பெற்ற வெற்றி எதுவுமே நடக்காததுபோல! பதினெட்டு என்ற எண்ணுக்குள்ளே ஒரு வாதம் ஒளிந்திருக்கிறது.

1830 புரட்சியில் வந்த, அரச குடும்பத்தின் ஓர்லேயான் கிளை இளவரசரிடம் 'ஏழாம் பிலிப்' என்று பழைய வரிசையிலேயே சேர்ந்துகொள்ளுங்கள் என்று சிலர் சொன்னார்கள். அவர் ஒப்பவில்லை. முதலாம் லூயி பிலிப் என்று கணக்கைப் புதிதாகத் தொடங்கினார். அவருடைய அப்பா பெயரும் லூயி பிலிப்தான். பதினாறாம் லூயியைக் கொல்லவேண்டும் என்று 1793இல் வாக்களித்த சொந்தக்காரர் அவர். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் தலையும் அதே இயந்திரத்தில் போயிற்று.