பச்சிளங்குழந்தையின் முதிர்ச்சியும் குருதி நொதியங்களும்

அவையோர்க்கு வணக்கம். கொழும்பில் மகப்பேற்று விடுதிக்குப் பிள்ளை பார்க்கப் போகும் நம்மவர் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ?" என்பதுதான். அன்போடு கேட்கும் கேள்வி அது; ஆயினும் பிள்ளையின் முதிர்ச்சியை எடை சொல்லிவிடாது. ஒரே அறையில் 1900 கிராம் எடையுள்ள இரு குழந்தைகள் இருக்கலாம்: ஒன்று 32 வாரத்தில் அவசரப்பட்டுப் பிறந்தது, மற்றது 38 வாரம் நிறைந்தும் சூல்வித்தகம் (நச்சுக்கொடி) சரிவர ஊட்டாததால் மெலிந்து பிறந்தது. முன்னதற்கு மூச்சுத் திணறுமோ என்றும், பின்னதற்குக் குருதியில் சீனி இறங்குமோ என்றும் நாங்கள் அஞ்சுகிறோம். எடை குறைந்த பிள்ளைகள் எல்லோரையும் குறைமாதப் பிள்ளைகள் என்று அழைக்கும் வழக்கத்தை விடுமாறு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1961 இல் கூறியதும் இந்த வேறுபாட்டைக் கருதியே.

எடை சொல்லாத முதிர்ச்சியைக் குருதியிலுள்ள நொதியங்கள், அதாவது உடலின் வேதி மாற்றங்களை விரைவுபடுத்தும் புரதங்கள், ஓரளவு காட்டும். அவற்றில் முதலில் சொல்லத்தக்கது, 1933 இல் கண்டறியப்பட்ட காபோனிக் அன்ஹைட்ரேஸ். செங்குழியங்களுக்குள் இருந்து, இழையங்களில் சேரும் காபனீரொட்சைட்டைக் குருதி ஏற்றிச்சென்று சுவாசப்பையில் இறக்க உதவும் இந்நொதியம், நிறைமாதக் குழந்தையிலும் வளர்ந்தோரைவிடக் குறைவு. குறைமாதக் குழந்தையில் இன்னும் குறைவு. கருவில் கழித்த வாரங்கள் கூடக் கூட அதுவும் கூடும். எல்லா நொதியங்களும் இவ்வழியே செல்வதில்லை. செங்குழியங்களைச் சிதையாமல் காக்கும் குளுக்கோஸ்-6-பொஸ்பேற்று டிஹைட்ரோஜினேஸ், அச்செங்குழியங்கள் இளமையாக இருப்பதால், பச்சிளங்குழந்தையில் வளர்ந்தோரைவிட மிகுந்தே காணப்படும். ஆகவே ஒரே நொதியத்தைப் பிடித்துக்கொண்டு வாரக்கணக்குச் சொல்வதை நான் ஏற்பதில்லை.

என் மனத்தை மிக உறுத்துவது மெதமோகுளோபின் ரிடக்டேஸ். ஒட்சிசனை ஏற்றிச்செல்ல முடியாதபடி பழுதுபட்ட ஈமோகுளோபினை மீட்கும் இந்நொதியம் பிறந்த பிள்ளையில் வளர்ந்தோரின் அளவில் ஏறத்தாழப் பாதியே உண்டு. உரமிட்ட தோட்டங்களுக்கு நடுவே கிணறு வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து உறவினர் வீட்டுக்குக் கைக்குழந்தையோடு போகும் தாய்மார் இதை அறிந்திருக்க வேண்டும்: நைத்திரேற்று மிகுந்த அந்நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் ஈமோகுளோபின் அவ்வாறு பழுதுபட்டுப் பிள்ளை நீலம்பாரிக்கக்கூடும். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. தாய்ப்பாலே போதும்.

சோதனைக்குக் குருதி எடுப்பதிலும் நுட்பம் உண்டு. குதிகாலை இளஞ்சூடாக்கி, ஓரத்தில் குத்தி, துளி தானாகத் திரள விடவேண்டும். அவசரப்பட்டுப் பிழிந்தால் செங்குழியங்கள் உடைந்து, அவற்றினுள் இருந்த லக்ரேற்று டிஹைட்ரோஜினேஸ் போன்ற நொதியங்கள் தெளியத்தில் (குருதி உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில்) கலந்து அளவைப் பொய்யாக உயர்த்திவிடும். அப்படிச் சிவந்த தெளியத்தை வைத்து முதிர்ச்சியைக் கணிப்பதைவிட, 1991 இல் திருத்தப்பட்ட பலாட் மதிப்பீட்டின்படி பிள்ளையின் தோலையும் பாதக் கோடுகளையும் அங்கங்களின் இறுக்கத்தையும் பார்த்து வாரத்தைக் கணிப்பதே நம்பத்தக்கது.