கணவர் வேற மாநிலத்துல இருந்தா சைல்ட் சப்போர்ட் வாங்க முடியுமா?

அடுத்த கேள்வி, கலிஃபோர்னியாவுல இருந்து ஒரு சகோதரி. "கணவர் பிரிஞ்சு டெக்சாஸ் போயிட்டார். ஆறு வயசுப் பையன் என்கிட்ட இருக்கான். நான் எச்4 விசா, வக்கீல் வைக்கக் காசில்ல. சைல்ட் சப்போர்ட் எப்படி வாங்குறது?"

சைல்ட் சப்போர்ட்னா, பிள்ளையை வளர்க்கப் பிரிஞ்சு போன அப்பாவோ அம்மாவோ தர வேண்டிய பணம். அதை வக்கீல் வைக்காமலே வாங்கலாம்மா. உங்க கவுண்டிக்குன்னு, அதாவது மாவட்டம் மாதிரியான பகுதிக்குன்னு, ஒரு சைல்ட் சப்போர்ட் ஆபீஸ் இருக்கு. 1975ல வந்த ஃபெடரல் சட்டத்தாலதான் எல்லா மாநிலத்துலயும் இந்த ஏற்பாடு நடக்குது. ஆன்லைன்லயே விண்ணப்பிக்கலாம், விண்ணப்பக் கட்டணம் கிடையாது. எச்4ங்கிறது கணவரோட வேலை விசாவைச் சார்ந்த விசாதான், ஆனாலும் அது தடையில்ல. டைவர்ஸ் கேஸ் போட்டிருக்கணும்னும் இல்ல.

பையனோட பர்த் சர்டிபிகேட், ஏற்கெனவே கோர்ட் ஆர்டர் இருந்தா அதோட நகல், உங்க வருமான விவரம் எடுத்து வச்சுக்கோங்க. இதைவிட முக்கியம் அவரைப் பத்தின தகவல்: சோஷியல் செக்யூரிட்டி நம்பர், பிறந்த தேதி, கம்பெனி பேரு, கடைசி அட்ரஸ். பல கேஸ் தேங்கி நிக்கிறது இங்கதான். ரெண்டு பேரும் சேர்ந்து ஃபைல் பண்ண பழைய டேக்ஸ் ரிட்டர்ன் இருந்தா அதைத் தேடி எடுங்க, அதுல நம்பர் இருக்கும். அவர் அடிச்சிருந்தாலோ மிரட்டியிருந்தாலோ விண்ணப்பத்துலயே சொல்லிடுங்க. உங்க அட்ரஸ் அவருக்குப் போகாம பாத்துக்க வழியிருக்கு.

அப்புறம் ஆபீஸே கோர்ட்ல பதிவு பண்ணி அவருக்கு சம்மன் சேர்ப்பிக்கும். கூடவே, எவ்வளவு கேக்குறோம்ங்கிற உத்தேச தீர்ப்பும் போகும். 30 நாளுக்குள்ள அவர் பதில் போடலன்னா அதையே தீர்ப்பாக்கிடலாம். தொகைக்கு ஒரு ஃபார்முலா இருக்கு: ரெண்டு பேரோட வருமானம், பையன் யார்கிட்ட எவ்வளவு நேரம் இருக்கான், இதுதான் அடிப்படை.

டெக்சாஸ் ஒரு தடையே இல்ல. அவர் கலிஃபோர்னியாவுல பையனோட குடியிருந்திருந்தா இங்க இருக்குற கோர்ட்டே ஆர்டர் போடலாம். சம்பளத்துல பிடிக்கச் சொல்ற ஆர்டர் அவர் கம்பெனிக்கு நேரா போகும். வேலை மாறினாலும், புதுசா சேர்றவங்க விவரத்தைக் கம்பெனி 20 நாளுக்குள்ள அரசுக்குச் சொல்லியாகணும், அதனால திரும்பக் கண்டுபிடிச்சிடுவாங்க. சொந்தத் தொழில், கையில காசு வாங்குற வேலைன்னா கஷ்டம், பிடிக்கிறதுக்குச் சம்பளமே இல்லையே. அப்போ டேக்ஸ் ரீஃபண்டைப் பிடிப்பாங்க. பாக்கி 2,500 டாலரைத் தாண்டினா பாஸ்போர்ட்டும் கிடைக்காது. ஆனா அது அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான், இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருந்தார்னா அது அவரைக் கட்டுப்படுத்தாது. கலிஃபோர்னியாவுல பாக்கிக்கு வருஷத்துக்கு 10 சதவீதம் வட்டியும் ஏறும்.

ரெண்டு விஷயம் மனசுல வையுங்க. அந்த ஆபீஸ் வக்கீல் உங்க வக்கீல் இல்ல, அவருக்கும் இல்ல. கஸ்டடி, பையனைப் பாக்க வர்ற நேரம், டைவர்ஸ் எதுலயும் அவங்க தலையிட மாட்டாங்க. அதுக்குக் கோர்ட்லயே ஃபேமிலி லா ஃபெசிலிடேட்டர்னு, குடும்ப வழக்குகளுக்கு வழிகாட்டுறவங்க இருக்காங்க, இலவசம். ரெண்டாவது, பணம் வரலன்னு பையனைக் காட்டாம இருந்துடாதீங்க. சட்டத்துல அது வேற, இது வேற. நாளைக்குக் கஸ்டடி கேஸ்ல அது உங்களுக்கு எதிராத் திரும்பும்.

"நானே மாசாமாசம் அனுப்புறேன்"னு அவர் சொல்றதை நம்பி மட்டும் காத்திருக்காதீங்கம்மா. கோர்ட்ல பதிவான தேதிக்கு முந்தின மாசங்களுக்குப் பொதுவா இந்த ஆர்டர்ல பணம் வராது. இந்த வாரமே விண்ணப்பத்தைப் போட்டுடுங்க.